ஐவர்மெக்டின் போட்டால் வைரஸ் சாகுமா? வெண்பன்றி வளர்ப்போர் கேள்விகள்

கேள்வி: சொறிக்குப் போடும் ஐவர்மெக்டின் பி.ஆர்.ஆர்.எஸ். (பன்றிக்குக் கருச்சிதைவும் மூச்சுக் கோளாறும் தரும் நோய்) வைரஸையும் கொல்லும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. போடலாமா டாக்டர்?

வைரஸுக்காக என்றால் வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் பன்றியின் நுரையீரல் செல்களை வளர்த்து, அதில் வைரஸை விட்டு ஐவர்மெக்டினைச் சேர்த்தால் வைரஸ் பெருகுவது குறைகிறது, அது வரைக்கும் உண்மைதான். ஆனால் அதற்கு மில்லிலிட்டருக்கு ஆயிரக்கணக்கான நானோகிராம் தேவைப்பட்டது. நீங்கள் 33 கிலோவுக்கு 1 மில்லி என்று காதுக்குப் பின்னால் தோலடியில் போடும் ஊசியில் ரத்தத்தில் ஏறுவது பத்துக் கணக்கில்தான். சரி, அளவைக் கூட்டிப் போடலாமே என்று ஒருவர் கேட்டார். கூட்டினால் வைரஸுக்கு முன்னால் பன்றிதான் நடுங்கித் தள்ளாடிப் படுக்கும், போதாததற்கு இறைச்சியிலும் மருந்து தங்கும்.

கேள்வி: புது மருந்து கண்டுபிடிக்காமல் பழைய மருந்தையே ஏன் நோண்டுகிறார்கள்?

பணம்தான். பன்றி விலையைவிட மருந்து விலை அதிகமானால் யார் வாங்குவார்? பழைய மருந்துக்கு நச்சு அளவு, ஊசி போட்டு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும், பாதிச் செலவு மிச்சம்.

கேள்வி: தீவனத்தில் டில்மிகோசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்தால் பி.ஆர்.ஆர்.எஸ். அடங்குகிறதே?

இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அந்த வைரஸ் குடியிருப்பது நுரையீரலில் கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களில். டில்மிகோசின் போய்க் குவிவதும் அதே செல்களில்தான், அங்கே அமிலத்தன்மையைக் குறைத்து வைரஸ் உள்ளே நுழைந்து உறையைக் கழற்றுவதைத் தடுப்பதாகச் செல் சோதனைகள் சொல்கின்றன. ஆனாலும் உங்கள் கொட்டகையில் இருமல் குறைந்ததற்கு, வைரஸைத் தொடர்ந்து வரும் பாக்டீரியா நிமோனியாவை அது அடக்கியதுதான் முக்கியக் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஒன்றை மட்டும் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்: மாட்டுக்கு வரும் டில்மிகோசின் ஊசியைப் பன்றிக்குப் போடவே கூடாது. இதயம் பாதித்துச் செத்துவிடும்.

கேள்வி: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு ஏதாவது மருந்து?

இல்லை. நாம் வழக்கமாகப் போடும் ஆன்டிபயாடிக்கான என்ரோஃப்ளாக்சசின் கூட செல் சோதனையில் இந்த வைரஸை மட்டுப்படுத்தியிருக்கிறது, அதை நம்பி யாரும் நோய் கண்ட பட்டியில் ஊசியோடு உட்கார்ந்து நாளைக் கடத்த வேண்டாம். தடுப்பூசிக்கு வியட்நாம் 2022இல் அனுமதி கொடுத்தது. இங்கே நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் பன்றிகளை அழிக்கிறார்கள், 2023இல் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்ததும் இந்த நோயில்தான், அதனால் காட்டை ஒட்டிப் பண்ணை வைத்திருப்பவர்கள் வேலியைப் பாருங்கள். அப்புறம், ஹோட்டல் கழிவு போடுபவர்கள் 90 டிகிரியில் ஒரு மணி நேரம், அடிவரை கிளறிக் கிளறி வேகவைத்த பிறகே போடுங்கள். லேசாகச் சூடு காட்டி இறக்குவது கணக்கில் சேராது.

கேள்வி: கொரோனாவுக்குக் கொடுத்த ஃபேவிபிராவிர் பன்றிக்கு உதவுமா?

அதன் நெருங்கிய உறவான டி-1105ஐ ஜப்பானில் பன்றிகளுக்குக் கொடுத்து கோமாரி நோய்க்கு எதிராக நல்ல பலன் பார்த்தார்கள். ஆனால் ஃபேவிபிராவிர் போன்றவற்றை மனிதருக்கு மட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒதுக்கிவிட்டது. சீனா 2005லேயே அமண்டடின், ரிபாவிரின் என்ற மனிதருக்கான வைரஸ் மருந்துகளைக் கால்நடைக்குத் தடை செய்தது. கண்டபடி கொடுத்தால் வைரஸ் பழகிவிடும், பிறகு மனிதருக்கும் வேலை செய்யாது.

கேள்வி: பி.இ.டி. என்ற வைரஸ் வயிற்றுப்போக்கில் குட்டிகள் சாகின்றன, எந்த ஊசி?

ஊசி அல்ல, தண்ணீர். குட்டி சாவது நீர் வற்றித்தான். உப்பு-சர்க்கரைக் கரைசலை அடிக்கடி கொடுங்கள், படுக்கும் இடத்தை உலர்த்தி 32 டிகிரிக்குக் குறையாமல் பல்பு போடுங்கள்.