அறிக்கையில் உள்ள ‘ஜி1’ எதைக் குறிக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு வயது 11. ஓராண்டாக வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வந்து வந்து போகின்றன. எடை கூடவில்லை, உடன் படிப்பவர்களைவிடக் குள்ளமாகிவிட்டான். பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்தபின் குரோன் நோயாக (குடலில் நீடித்திருக்கும் அழற்சி) இருக்கலாம் என்று கூறி, அறிக்கையில் ‘ஏ1பி, எல்3, பி1, ஜி1’ என்று எழுதியிருக்கிறார்கள். இது புற்றுநோய்க்குச் சொல்வதுபோல நோயின் கட்டமா? குடல் காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகே மருந்து என்கிறார்களே, ஏன்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கட்டம் இல்லை, அம்மா. பெரியவர்களுக்காக 2005-இல் வகுக்கப்பட்ட மான்ட்ரியல் வகைப்பாட்டைக் குழந்தைகளுக்கு ஏற்பத் திருத்தி, 2011-இல் வெளியிட்ட பாரிஸ் வகைப்பாட்டின் குறியீடு இது. 10 வயது நிறைந்து 17 வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டது என்பது ‘ஏ1பி’. சிறுகுடலின் கடைப்பகுதி, பெருங்குடல் இரண்டிலும் பாதிப்பு இருப்பது ‘எல்3’. குடல் சுருங்கி அடைபடவோ துளைபடவோ இல்லை என்பது ‘பி1’. இது ஆறுதலான செய்தி, ஆனால் பின்னாளில் மாறக்கூடியது.

நீங்கள் கவனம் வைக்க வேண்டியது ‘ஜி1’ மீதுதான். நோயால் வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். பெரியவர்களின் வகைப்பாட்டில் இந்த எழுத்தே கிடையாது. குழந்தை குள்ளமாக இருப்பதால் மட்டும் இதை எழுதிவிட மாட்டார்கள். பெற்றோரின் உயரத்தை வைத்து எதிர்பார்க்கக்கூடிய வளர்ச்சியோடும், நோய்க்கு முன்பு அவன் வளர்ந்துவந்த வேகத்தோடும் ஒப்பிட்டே முடிவு செய்வார்கள். பழைய உயர அளவுகள் வீட்டிலோ பள்ளியிலோ இருந்தால் அவசியம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பூப்புப் பருவம் முடிந்து எலும்பு முனைகள் மூடிக்கொண்டால் இழந்த உயரத்தை மீட்க முடியாது என்பதால், இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியமானது.

அப்படியிருந்தும் காசநோயை முதலில் விலக்க நினைப்பது சரியான முடிவே. நம் நாட்டில் குடல் காசநோய் அரிதன்று. அதுவும் பெரும்பாலும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தையே தாக்குகிறது, அறிகுறிகளும் ஏறத்தாழ ஒன்றே. குரோன் நோய்க்குத் தரும் ஸ்டீராய்டும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்துகளும் எதிர்ப்பாற்றலைக் குறைப்பவை என்பதால், உள்ளே காசநோய் இருந்தால் அது உடலெங்கும் பரவ வழி செய்துவிடும்.

பிரித்தறிய ஒரே ஒரு பரிசோதனை போதாது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் கூடியிருந்தால் குடலில் அழற்சி உண்டு என்று தெரியும். காசநோயிலும் கிருமித் தொற்றிலும்கூட அது கூடும். ஆகவே பார்வைக்குப் பாதிப்பில்லாததுபோலத் தோன்றும் பகுதிகள் உட்பட பல இடங்களிலிருந்து திசு எடுத்து ஆராய்வதும், வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையையும் எண்டோஸ்கோபியில் பார்ப்பதும், குழாய் எட்டாத சிறுகுடலை எம்.ஆர். ஸ்கேனில் பார்ப்பதும், திசுவில் காசநோய்க் கிருமியைத் தேடுவதும் வேண்டும். இவற்றில் எவை முடிந்துவிட்டன என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தெளிவு கிடைக்காவிட்டால் சிலருக்குக் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. அப்போது காலவரையறை கட்டாயம்: இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி கொலனோஸ்கோபி செய்து, புண் ஆறியதா என்று பார்க்க வேண்டும். வலி குறைந்தது என்பதை மட்டும் நம்பி ஆறு மாதம், ஒன்பது மாதம் என நீட்டிக்கொண்டே போவதை நான் ஏற்கமாட்டேன். எந்தத் தேதியில் மறுபரிசோதனை என்பதை முதல் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அவனுடைய எடையோடு உயரத்தையும் அளந்து குறிக்கச் சொல்லுங்கள்.