திருகோணமலையில் காரின் எஞ்சின் ஒயிலை நாமே மாற்றுவதா, மெக்கானிக்கிடம் கொடுப்பதா?

உப்புவெளியில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், கையில் ஒரு டொயோட்டா 141 அக்சியோ இருக்கிறது, ஓட்டம் பெரும்பாலும் நகரத்துக்குள்தான், வீட்டு முற்றம் மணல், பின்புறத்தில் கிணறு. ஒவ்வொரு முறையும் சேர்விஸ் நிலையத்துக்குக் காசு கொடுப்பதைவிட ஒயிலை நீங்களே மாற்றினால் மிச்சமாகுமா என்பது உங்கள் கேள்வி. என் வண்டிக்கு நானேதான் ஒயில் மாற்றுகிறேன். ஆனாலும், உங்கள் நிலையில் நான் இருந்தால் மெக்கானிக்கிடம்தான் கொடுப்பேன். ஒயிலையும் பில்டரையும் மட்டும் நானே வாங்கிக்கொண்டு போவேன், வேலை முடியும்வரை பக்கத்தில் நிற்பேன்.

முதலில் காசு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒயில் மாற்றும் செலவில் பெரும் பகுதி ஒயிலின் விலையும் பில்டரின் விலையுமே. அதை யார் மாற்றினாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கூலி அதில் சிறு பங்கு, ஒயிலைத் தங்களிடமே வாங்கினால் கூலியே கேட்காத இடங்களும் உண்டு. நீங்களே செய்வதென்றால் நல்ல ஜக், இரண்டு ஸ்டாண்ட், ஸ்பானர்கள், பில்டர் கழற்றும் கருவி, ஒயில் பிடிக்கும் தட்டு ஆகியவற்றை வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு அந்தச் செலவு திரும்பி வர நெடுங்காலம் பிடிக்கும். ஆகவே காசு மிச்சம் பிடிப்பதற்காக இதில் இறங்குவது அவ்வளவு பொருளுள்ளதல்ல. நல்ல ஒயில் போனதா, அளவாகப் போனதா, பூட்ட வேண்டியதெல்லாம் ஒழுங்காகப் பூட்டப்பட்டதா என்பதை நம் கண்ணால் காண்பதற்காக இறங்கினால் அது வேறு கதை. அந்த நிச்சயத்தைப் பெறுவதற்கு ஸ்பானரை நாமேதான் பிடிக்க வேண்டும் என்றில்லை.

எந்த ஒயில், எப்போது என்பதில்தான் நம்மூர்க்காரர் பலர் பிழைவிடுகிறார்கள். உவர்மலையிலிருந்து சந்தைக்கும், உப்புவெளியிலிருந்து பாடசாலைக்கும், அங்கிருந்து அநுராதபுரச் சந்திக்கும் என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. எரிதலின்போது உண்டாகும் நீராவியும் முழுதாக எரியாத பெற்றோலும் சிறிது சிறிதாக ஒயிலுக்குள் இறங்குகின்றன. நீண்ட பயணத்தில் ஒயில் நன்றாகச் சூடாகி அவற்றை ஆவியாக வெளியேற்றிவிடும், குறும்பயணங்களில் அவை உள்ளேயே தங்கிவிடும். அதனால் மாதம் இருமுறை ஹபரணை வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர் ஓடிப் போய் வரும் வண்டியின் ஒயில், ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியின் ஒயிலைவிடக் கூடுதலான கிலோமீற்றர் நல்ல நிலையில் இருக்கும். "இன்னும் 5,000 ஓடவில்லையே" என்று ஒன்றரை வருடமாக ஒயிலை வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களைப் போல ஓடுபவர்கள் மீற்றரைப் பார்த்தால் போதாது, நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். முழுச் செயற்கை ஒயில் போட்டு நெடுந்தூரம் ஓடுபவர்கள் வேண்டுமானால் கிலோமீற்றர்க் கணக்கை இன்னும் நீட்டலாம்.

ஒயில் கறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மாற்ற வேண்டிய நேரத்தைத் தீர்மானிக்காதீர்கள். ஒயிலில் சேர்க்கப்பட்டிருக்கும் சுத்திகரிப்புப் பொருள்கள் கரியைத் தூக்கித் தங்களோடு வைத்திருப்பதால்தான் அது கறுக்கிறது. டீசல் வான்களில் புது ஒயில் ஊற்றிச் சில நாட்களிலேயே கறுத்துவிடும். அதற்கு மாறாக, மூடியின் அடிப்பக்கத்தில் பால் கலந்த கோப்பி நிறத்தில் பசை போன்ற ஒன்று படிந்திருந்தால் ஒயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். குறும்பயண வண்டிகளில் இது சிறிதளவு காணப்படலாம். நிறையவே இருந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டு போனால் எஞ்சினுக்குள் நீரும் ஒயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கஸ்கெட்டைப் பற்றி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும்.

ஒயிலின் தரத்தைப் பொறுத்தவரை, உங்கள் வண்டியில் இருப்பது 1,500 சீசீ எஞ்சின் என்றால் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 பொருந்தும். முதல் எண் குளிரில் ஒயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாம் எண் 100 பாகை செல்சியசில் அதன் தடிப்பையும் காட்டுகின்றன. நம்மூரில் பனி ஏது என்று கேட்டு முதல் எண்ணை அலட்சியம் செய்பவர்கள், காலையில் வண்டியைத் தொடக்கியதும் எஞ்சினின் மேற்பகுதிக்கு ஒயில் விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். "நம்ம வெயிலுக்குத் தடித்த ஒயில்தான் சரி" என்று 20டபிள்யூ-50 ஊற்றிவிடும் வழக்கம் பழைய எஞ்சின்களின் காலத்திலிருந்து வந்தது. ஜப்பானில் ஓடி இறக்குமதியான வண்டிகளில் கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பதால் பலர் அதைப் பிரித்தே பார்ப்பதில்லை. ஆனால் எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தான், பல வண்டிகளில் ஒயில் ஊற்றும் மூடியிலேயே தரம் அச்சிடப்பட்டிருக்கும். ஒயில் கானின் பின்புறத்தில் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலியக் கழகம்) தரக்குறியான எஸ்என் அல்லது அதற்குப் பின் 2020இல் வந்த எஸ்பி என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் கான்களில் மட்டமான ஒயிலை நிரப்பி விற்கும் ஏமாற்று வேலை நாடெங்கும் உள்ளது. மூடியின் வளையம் உடைந்திருந்தாலோ, அடிப்பக்கத் தாள்முத்திரை கசங்கியிருந்தாலோ, தொகுதி எண் சுரண்டப்பட்டிருந்தாலோ அந்தக் கானைத் தொடாதீர்கள். முகவரிடமோ பற்றுச்சீட்டுத் தரும் கடையிலோ வாங்குவது பாதுகாப்பு. உள்ளூரில் கலந்தது என்றால் மட்டம் என்ற எண்ணமும் தேவையில்லை. சீனக்குடாவிலேயே லங்கா ஐஓசியின் மசகு எண்ணெய் கலக்கும் ஆலை இருக்கிறது. எங்கே கலந்தார்கள் என்பதைவிட, கானில் எழுதியிருக்கும் தரம் உள்ளேயும் இருக்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

இனி வேலை. வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஒயில் இளகி, அடியில் தங்கியிருக்கும் அழுக்கோடு சேர்ந்து வடியும். கைபொறுக்காத சூட்டில் திறக்கக் கூடாது. சீமெந்துத் தரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். மணல் முற்றத்தில் ஜக்கின் அடி ஒரு பக்கமாகப் புதைந்து வண்டி சாயும், பலகை வைத்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஹைபிரிட் வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: அந்த வண்டிகள் தயார் நிலையில் இருந்தால் எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கக்கூடும் என்பதால், வண்டியை முழுதாக அணைத்து, ஸ்மார்ட் திறப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து தொடங்குங்கள்.

வடிக்கும் நட்டுக்கு 14 மில்லிமீற்றர் ஸ்பானர் பொருந்தும். இழுத்துக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றியிருக்கும் தகட்டைப் பாருங்கள். கடற்காற்றும், மழைக்குப் பின் வீதியில் தேங்கும் உப்புக் கலந்த நீரும் சேர்ந்து எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்கும் சம்பின் தகட்டில் பெயின்ட் உப்பிப் பொருக்கு விட்டிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் செம்பழுப்பாகத் துகள் உதிரும். அது நட்டின் மரையை நெருங்கியிருந்தால் அதைக் கவனத்தில் வைத்திருங்கள். ஒயில் சொட்டு நின்றதும் புதிய வொசர் போட்டு நட்டைக் கையால் பூட்டிப் பிறகு ஸ்பானரால் இறுக்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு அளவு ஏறக்குறைய 37 நியூட்டன் மீற்றர், அதாவது ஒரு கையின் நிதானமான இழுவை, உடம்பின் பாரம் அல்ல. பில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஒயில் சிறிது பூசி, வளையம் எஞ்சினைத் தொட்டதும் முக்கால் சுற்றுக் கையால் திருப்பினால் போதும். பில்டரோடு மாற்றும்போது இந்த எஞ்சின் 3.7 லீற்றர் கொள்ளும். முதலில் மூன்றரை லீற்றர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, ஒயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து மிகுதியைச் சேர்க்கலாம். நான்கு லீற்றர்க் கானில் எஞ்சுவதைப் பத்திரமாக மூடி வைத்தால் பிறகு குறை நிரப்ப உதவும். அளவுக்கு மேல் ஊற்றினால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும், நுரை மசகாகாது.

மெக்கானிக்கிடம் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அறியாமையால் நடப்பவை அல்ல, அவசரத்தால் நடப்பவை. என் மச்சானின் வண்டிக்கு ஒரு கராஜில் பில்டர் மாற்றினார்கள். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதைப் பூட்டிவிட்டார்கள். நகரத்துக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. கந்தளாய் நெருங்கும்போது ஒயில் விளக்கு எரிந்தது. அவர் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தியதால் தப்பியது. கழற்றிப் பார்த்தபோது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கறுப்பு வளையங்கள், மேலேயுள்ளது ஒரு பக்கமாகப் பிதுங்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதேபோல், காற்றுத் துப்பாக்கியால் நட்டை இறுக்கி மரையைத் தேய்த்துவிடும் இடங்களும் உண்டு. மேலிருந்து குழாய் விட்டு ஒயிலை உறிஞ்சும் முறை கெட்டதல்ல, ஆனால் நட்டையும் அடித் தகட்டையும் யாரும் பார்க்காமலே போய்விடுவார்கள்.

ஆகையால்தான் பக்கத்தில் நிற்கச் சொல்கிறேன். கழற்றிய பழைய பில்டரைக் கையில் வாங்கி அதில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், நட்டைத் தொடக்கத்தில் கையால் பூட்டச் சொல்லுங்கள், உங்கள் கானை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள், டிப்ஸ்டிக்கை நீங்களே இழுத்துப் பாருங்கள். "தம்பி, நம்பிக்கை இல்லையா?" என்று மெக்கானிக் கேட்டால், "பழகிக்கொள்ளத்தான் அண்ணன்" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார், தானே காட்டியும் தருவார். கோபிப்பவரை விட்டு வேறு ஒருவரைத் தேடுவது நல்லது.

சேர்விஸ் நிலையத்தில் நமக்குக் கிடைக்கும் இன்னொரு நன்மையை வீட்டில் செய்ய முடியாது. வண்டியை ஹொயிஸ்டில் தலைக்கு மேல் தூக்கினால் கிழிந்த அக்சில் ரப்பர், ஒழுகும் ஷொக், தேய்ந்த புஷ், உக்கத் தொடங்கிய பிரேக் குழாய் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கூடவே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அழுத்தத்தில் கழுவிவிடுவார்கள். நிலாவெளிப் பக்கம் கடலோரமாக ஓடும் வண்டிகளுக்கு, ஒயிலுக்கு அடுத்தபடி ஆயுளைக் கூட்டுவது இந்தக் கழுவல்தான் என்பது என் எண்ணம். 2020இல் தொடங்கி வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு, அடித்தகடு உக்காமல் இருப்பதன் பெறுமதி தெரியும்.

உங்கள் விடயத்தில் என் முடிவைத் தீர்மானித்தது பழைய ஒயில். உப்புவெளி போன்ற கரையோர மணலில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை, மாரி தொடங்கினால் கிணற்று நீர் இன்னும் மேலே வந்துவிடும். மணல் ஒயிலைத் தடுத்து நிறுத்தாது. ஒரு லீற்றர்ப் பழைய ஒயில் பத்து இலட்சம் லீற்றர் வரையான நீரைக் குடிக்க உதவாததாக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உங்கள் வண்டியிலிருந்து ஒருமுறை வடிவது மூன்றரை லீற்றருக்கு மேல். கிணறு வீட்டுக்காரருடையது, தண்ணீர் குடிப்பது அக்கம்பக்கத்தாரும்தான். வேலிக் கட்டைக்குப் பூசினால் கறையான் வராது என்று பழைய ஒயிலை வாங்கிப்போகும் வழக்கம் இங்கு உண்டு, ஆனால் முதல் மழையிலேயே அதில் பாதி மண்ணுக்கு இறங்கிவிடும். பழைய எஞ்சின் ஒயில் தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்பதால் அதைக் கையுறை இல்லாமல் கையாளவும் கூடாது. சேர்விஸ் நிலையம் நடத்துவதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும் என்பதால், அங்கே பழைய ஒயிலைச் சேர்த்து வைக்கத் தாங்கி இருக்கும், அதை வாங்கிச் செல்பவர்களும் வருவார்கள்.

பின்னர் சீமெந்துப் போர்ட்டிக்கோ உள்ள வீட்டுக்குப் போய், நீங்களே செய்யத் தொடங்கினால், வடித்த ஒயிலை அது வந்த கானிலேயே ஊற்றி, பெற்றோலோ தண்ணீரோ கலக்காமல் இறுக மூடி, ஒயில் வாங்கும் கடையிலோ சேர்விஸ் நிலையத்திலோ ஏற்றுக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய பில்டரைத் தலைகீழாக ஓர் இரவு கவிழ்த்து வடியவிட்டு அதையும் சேர்த்தே கொடுங்கள். அவர்கள் ஆம் என்று சொன்ன பிறகு ஜக் வாங்கப் போகலாம்.