வீட்டில் சிசிடிவி வைத்த பிறகு அதையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றுவது ஏன்?

எனக்கும் அதே வியாதிதான். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடு. வண்டியில் பெட்ரோல் திருடு போகிறது என்று இரண்டு கேமரா வைத்தேன். திருடன் வந்தானோ இல்லையோ, நான் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். காலையில் மெட்ரோ ஏறினால் கிண்டி வரும்வரை போனில் எங்கள் தெருதான் ஓடும். யார் வீட்டுக்கு கேன் தண்ணீர் வருகிறது, யார் குப்பையை யார் வாசலில் தள்ளுகிறார்கள், எல்லாம் அத்துப்படி.

ராத்திரி இன்னும் மோசம். இருட்டில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எரியும். பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஓர் இழை ஆடினாலும் திரையில் வெள்ளைக் கயிறு மாதிரி மின்னும். உடனே 'அசைவு' என்று போன் கத்தும். எழுந்து பார்ப்பேன். சிலந்திதான் என்று தெரிந்த பிறகும் மூடி வைக்க மனசு வராது.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் அக்கறையாகத்தான் கேட்டேன்: "நேத்து நைட்டு ஒரு மணிக்கு ஆட்டோல வந்தீங்களே, உடம்பு சரியில்லையா?" அக்கா என்னைப் பார்க்கவில்லை, அண்ணாந்து கேமராவைப் பார்த்தார். "நீ தூங்கறதே இல்லியா தம்பி?" அதற்கப்புறம் எதிர் ஓரமாகவே நடந்தார்.

எங்கள் ஆயாவும் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்தவர்தான். ஆனால் அவர் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், "இன்னா ஆயா அப்படிப் பாக்கற?" என்று கேட்கலாம். கேமராவிடம் யார் கேட்பது? 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறைக்குத் திட்டம் போட்டார். நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்று கைதிக்குத் தெரியாது, அதனால் எப்போதும் அடங்கியே இருப்பான். நான் பெட்ரோலுக்காக அந்தக் கோபுரத்தைக் கட்டி, சுற்றியிருக்கும் அறையில் அக்காவை அடைத்திருக்கிறேன்.

கேமரா போட்ட பையனைக் கூப்பிட்டேன். செட்டிங்கிலேயே வேண்டாத இடத்தைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கலாமாம், பதிவிலும் விழாதாம். அக்கா வாசலை மறைத்துவிட்டுப் போனை அவரிடமே காட்டினேன்.

கட்டத்தை ஒரு நொடி பார்த்தார். அப்புறம் விரலால் தள்ளித் தள்ளி, "இது யாரு, எதிர்வீட்டுக்காரனா? ரெண்டு மணிக்கா வர்றான்?" என்றார். போன் என் கைக்குத் திரும்பிவரக் கால் மணி நேரம் ஆனது.