பெயர் போடு, மகள்

அன்பின் ஐயா,

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் பழைய தேயிலைத் தோட்ட ஆவணங்களை ஸ்கேன் செய்து விவரப்பட்டியல் எழுதுகிறோம். ‘கூலிகள் செக்ரோல்’ (வேலைநாளும் சம்பளமும் பதிந்த பெயர்ப் புத்தகம்), ‘ஓடிப்போன கூலிகள்’ என்று தோட்டத்தை நடத்திய துரைமார் தலைப்பிட்டிருக்கிறார்கள். இந்தச் சொற்களை எடுத்துவிடலாமா? மலையகத் தமிழர் என்பதா, இந்திய வம்சாவளி என்பதா என்றும் எங்களுக்குள் தகராறு. மாதிரிப் பக்கம் இணைத்துள்ளேன்.

ஒரு வாசகி

அன்பு மகளுக்கு,

தலைப்பில் கை வைக்காதே. துரை எழுதியதை மேற்கோள் குறிக்குள், ‘மூலத் தலைப்பு’ என்று சொல்லியே போடு. அழித்தால் அவன் செய்ததை நாமே கழுவிக் கொடுத்ததாகும். தேடி வருகிறவருக்கும் அகப்படாது. கீழே நீ எழுதும் விவரத்தில் மட்டும் அவன் வாயால் பேசாதே. கடனைத் துண்டில் எழுதி ஆளையே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய முறை 1921 வரை இருந்தது. அதிலிருந்து தப்பியவரை ‘ஓடிப்போனவர்’ என்று நீயும் எழுதுவாயா? பழைய விவரத்தை மாற்றினால் யார், எப்போது மாற்றினார் என்று குறித்து வை. உங்கள் தகராறு 1911 குடிசனக் கணக்கெடுப்பு ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று போட்ட பிரிவோடு வந்தது. நம்மை நாம் எப்படி அழைக்கிறோமோ அப்படி எழுதிவிட்டு வேலையைப் பார்.

எனக்குக் கோபம் உன் மாதிரிப் பக்கத்தில்தான். துரையின் பெயர் இருக்கிறது, பெரிய கங்காணியின் பெயர் இருக்கிறது. மற்றதெல்லாம் ‘தொழிலாளர் பலர்’. கொழுந்து பறித்த ஒருத்தியின் பெயர்கூட இல்லை. கெட்ட சொல்லோடு ஆளையும் சேர்த்து எடுத்துவிட்டாயே!

1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1949 சட்டப்படி பிரஜாவுரிமை கேட்டவர்கள், இங்கே தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். தாத்தா இறந்துவிட்டார். அப்பாயி செக்ரோல் பிரதி கேட்டுத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நாள்கணக்காக நின்றார். புத்தகம் உள்ளேதான் இருந்தது. எந்த வருடம், எந்தக் கங்காணியின் கீழ், எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல ஒருவருமில்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டபோது அப்பாயி இந்தியாவின் பங்கில் போனார். தலைமன்னாரில் கப்பலேறியவரை நாங்கள் பிறகு பார்க்கவேயில்லை.

அதனால் சொல்கிறேன், பெயர் போடு. எழுதியிருக்கிறபடி ஒன்று, நம் வாயில் வழங்குகிறபடி பக்கத்தில் ஒன்று. கங்காணி, தோட்டம், வருடம். ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் இருந்தால், அவள் பெயர் வேறு கொப்பியில் இருக்கிறதா என்று தேடு. நேரமில்லை என்று சொல்லாதே. லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) பிள்ளைகளைச் சேர்த்துக்கொள். பெயரோடு சாதி எழுதியிருந்தால் அது மூலப் பக்கத்தோடு நிற்கட்டும், தேடலில் வரவிடாதே. அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தோட்டத்தில் இருக்கின்றன.

அடுத்த மாதிரியைப் பெண்கள் பெயர் உள்ள பக்கத்திலிருந்து அனுப்பு. நானும் உட்கார்ந்து சரிபார்க்கிறேன்.