மாத்திரை தீர்ந்துவிட்டது, பார்சல் வரவில்லை

கேள்வி: எங்கள் வீடு சயான் கோலிவாடாவில். அம்மாவுக்கு 58 வயது. 1996-இல் தம்பி பிறந்தபோது ஊரில் அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். இந்த வருடம்தான் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பது தெரிந்தது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இல்லை என்றார் டாக்டர். சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். இரண்டு பாட்டில் முடிந்துவிட்டது. மூன்றாவதை ஆன்லைனில் போட்டோம். மழை, மழை என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ‘முகவரி கிடைக்கவில்லை’ என்று திருப்பிவிட்டார்கள். பக்கத்து மெடிக்கல்காரர் அப்பாவோடு சங்கத்தில் இருப்பவர். அவருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். இப்போது மூன்று நாளாக மாத்திரை இல்லை. அதற்கு முன்பே, கடைசி மூன்று மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார். அதை நேற்றுத்தான் சொன்னார். இதுவரை போட்டதெல்லாம் வீணா? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? பாட்டில் வந்ததும் இரண்டு இரண்டாகப் போட்டு ஈடுகட்டலாமா? அதுவரை கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறேன் என்கிறார் அம்மா. — பெயர் வேண்டாம், மும்பை.

பதில்:

கடிதம் கிடைத்த அன்று மாலையே உங்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். இதற்கெல்லாம் பதில் அச்சில் வரும்வரை பொறுங்கள் என்று சொன்னால், உங்கள் பார்சல்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து, இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இந்த ஊரில் 26 வருடம் மருந்துக்கடை கவுண்டருக்கு உள்பக்கம் நின்றவள். மருந்தை நீட்டுவதா நிறுத்துவதா என்பதை டாக்டர்தான் சொல்லணும். அது கைக்கு எப்படி வந்து சேரும் என்பது எனக்குத் தெரியும்.

முதல் கேள்விக்கு முதலில். வீண் இல்லை. அம்மா 56 மாத்திரை போட்டு முடித்திருக்கிறார். நடுவே விட்டது இரண்டு நாள், அப்புறம் தொடர்ச்சியாக மூன்று நாள், ஆக ஐந்து. கல்லீரல் மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டு முறைகளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. சிரோசிஸ் இல்லாத, முதல்முறையாக இந்த மருந்தைச் சாப்பிடுகிற ஒருவருக்கு இடைவெளி ஏழு நாளுக்குள் இருந்தால், மருந்து கிடைத்த உடனே மறுபடி தொடங்கி, மீதியை முடிக்கச் சொல்வதுதான் வழக்கம். முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வதில்லை. ஏழு நாளைத் தாண்டினால் கதை வேறு. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று ஆர்.என்.ஏ. சோதனை பார்ப்பார்கள், சிலருக்கு நான்கு வாரம் கூட்டுவார்கள். மூன்று வாரத்துக்கு மேல் விட்டுப்போனால், சிகிச்சையை அங்கேயே நிறுத்திவிட்டுக் குணமாகியிருக்கிறதா என்று பிறகு பார்ப்பதும் உண்டு. அதனால்தான் போனை எடுத்ததும் ‘எத்தனை நாள்?’ என்று உங்களிடம் கேட்டேன்.

ஆனாலும் டாக்டருக்கு அன்றே போன் போடச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ‘மூன்று நாள் விட்டுப்போச்சு’ என்று மட்டும் சொல்லாமல், அதற்கு முன்னால் அம்மா மிச்சம் பிடித்த இரண்டு நாளையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். நம் அம்மாக்கள் எண்ணெயை மிச்சம் பிடிப்பார்கள், கேஸை மிச்சம் பிடிப்பார்கள், மாத்திரையையும் அப்படியே. திட்டாதீர்கள். பயத்தில் செய்திருக்கிறார். ஆனால் இந்த மருந்தில் அது உதவாது. சிகிச்சை இல்லாத உடம்பில் ஹெபடைடிஸ் சி வைரஸ் ஒரே நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி பிரதிகள் எடுக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாத்திரை தினமும் உள்ளே போய் அந்த நகலெடுப்பை மறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால், அந்த மறிப்பில் நாமே இடையிடையே ஓட்டை போட்டுவிடுகிறோம். தீரப்போகிறது என்று தெரிந்தால், இருப்பதை இருக்கிறபடி தினமும் போட்டுக்கொண்டே அடுத்ததைத் தேட வேண்டும்.

இரண்டு இரண்டாகப் போடுவது வேண்டவே வேண்டாம். நேற்றுச் சாப்பிடாத சாப்பாட்டை இன்று சேர்த்துச் சாப்பிட்டால் வயிறுதான் கெடும். ஒரு வேளை மட்டும் மறந்துபோனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் அப்போதே போட்டுவிடலாம். ராத்திரி 9 மணிக்குப் போடுகிறவர் மறுநாள் மதியம் 3 மணிவரை போடலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு, அன்று ராத்திரி 9 மணிக்கு வழக்கம்போல ஒன்று.

சரி, மருந்து எங்கே கிடைக்கும்? ஆன்லைனில் வாங்கியதைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே என் தைராய்டு மாத்திரையை அப்படித்தான் வாங்குகிறேன். அந்த ஒரு வழியை மட்டும் நம்பி உட்கார்ந்ததுதான் பிசகு. அதுவும் ஜூலையில், அதுவும் சயானில்! ஒரு மணி நேரம் மழை வலுத்தால் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர், ஹிந்த்மாதாவில் தண்ணீர், குர்லா–சயான் நடுவில் ரயில் நிற்கும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது நான் கடைக்குள் மாட்டிக்கொண்டேன். கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலினை ஐஸ்கட்டியோடு தெர்மோகோல் பெட்டியில் போட்டு, பெட்டியை மேஜைமேல் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை ஒரு பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் வந்து, நனையாமல் தலைக்குமேல் பிடித்திருந்த மருந்துச் சீட்டை நீட்டினார். அன்றிலிருந்து தினசரி மருந்து சாப்பிடுகிற எல்லோரிடமும் நச்சரிப்பேன்: ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு வார மருந்து கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். 28 மாத்திரை பாட்டிலில் 14 மீதி இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள்.

உங்களை பிரின்சஸ் ஸ்ட்ரீட்டுக்குப் போகச் சொன்னேன். இந்த ஊரில் மொத்த மருந்து வியாபாரம் நடக்கிற இடம். ஒரு கடையில் இல்லையென்றால் நாலு கடை தள்ளி இருக்கும். கோலிவாடாவிலிருந்து அதிகத் தூரம் இல்லை. ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்தால் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன், அங்கிருந்து டாக்சி. கிளம்புமுன் மருந்துச் சீட்டைப் படமெடுத்து இரண்டு மூன்று கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இருக்கு’ என்று பதில் வந்த கடைக்குப் போவது புத்திசாலித்தனம். பெரிய ஆஸ்பத்திரிகளின் வாசலில் இருக்கிற மெடிக்கல்களிலும் இந்த மாதிரி மருந்து இருக்கும். உங்கள் டாக்டரின் கிளினிக்கிலும் கேளுங்கள், எந்தக் கடையில் இருப்பு உண்டு என்பது அங்கே உட்கார்ந்திருக்கிற ரிசப்ஷன் பெண்ணுக்குத் தெரியும்.

வேறு கம்பெனி பாட்டிலைக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். 2014-இல் இந்தியக் கம்பெனிகளுக்கு சோஃபோஸ்புவிர் தயாரிக்க உரிமம் கிடைத்த பிறகு பல பெயர்களில் வருகிறது. (2013 கடைசியில் அமெரிக்காவில் இது வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், இன்னும் மிச்சம் பிடிப்பார்.) பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பதைப் பாருங்கள்: சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், வெல்படாஸ்விர் 100 மில்லிகிராம். இரண்டும் எழுதியிருக்க வேண்டும். ஒரே கம்பெனி சோஃபோஸ்புவிரைத் தனியாகவும், வேறொன்றோடு சேர்த்தும், கிட்டத்தட்ட ஒரே பெயரில் போடுவதுண்டு. கடைசியில் ஒட்டியிருக்கிற சின்னச் சொல்தான் வித்தியாசம். ஒருநாள் கூட்ட நேரத்தில் நானே தனி மாத்திரையை எடுத்துப் பில் போட்டுவிட்டேன். வாங்க வந்த பையன் பழைய பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்ததால் தப்பித்தேன். நீங்களும் காலி பாட்டிலைக் கொண்டுபோங்கள். சீல் உடைந்திருந்தால், பெட்டி நனைந்து ஊறியிருந்தால் வாங்காதீர்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

தாமதமாக வந்த பார்சலில் மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். இது ஃப்ரிட்ஜில் வைக்கிற மருந்து இல்லை, 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் போதும். மழை ஈரத்தில் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். பாட்டிலுக்குள் சின்னப் பொட்டலம் இருந்தால் அது ஈரம் உறிஞ்சுவதற்கு, தூக்கிப் போட வேண்டாம்.

இப்போது அந்த ‘முகவரி கிடைக்கவில்லை’. நீங்கள் போனில் சொன்ன முகவரியை எழுதிப் பார்த்தேன். அறை எண், சால் (வரிசை வீட்டுக் கட்டடம்) பெயர், கோலிவாடா, பின்கோடு. அவ்வளவுதான். அந்தச் சந்தில் பிறந்தவனுக்கு அது போதும். நாலாசோபாராவிலிருந்து வருகிற பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்? தெரிந்த எண் இல்லை என்று அம்மா போனை எடுக்கவில்லை, எடுத்த ஒரு தடவையும் ஹிந்தியில் ‘ராங் நம்பர்’ என்று வைத்துவிட்டார். மருந்தை உங்கள் ஆபீஸ் முகவரிக்குப் போடுங்கள். போன் எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். இது ஒன்று செய்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

பக்கத்துக் கடைக்காரர் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. வாடிக்கையாளர் என்ன மருந்து வாங்குகிறார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் அப்படி இருக்கிறார்களா என்றால், இல்லை. நான் பார்த்திருக்கிறேன். அதனால் அவரிடமே போங்கள் என்று உங்களைத் தள்ள மாட்டேன். இரண்டு ஸ்டேஷன் தள்ளி, முகம் தெரியாத ஒரு கடையில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுக்குள் ஒளிக்க வேண்டியதில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், ஒரே பாத்ரூமைப் பயன்படுத்துவதால் இது ஒட்டாது. ரத்தத்தின் வழியாகத்தான். பிளேடு, டூத் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். ரத்த வங்கிகளில் இதற்கான சோதனை 2001-இல்தான் கட்டாயமானது, அம்மாவுக்கு ஏற்றியது அதற்கு ஐந்து வருடம் முன்னால். இதில் வெட்கப்பட அவர் என்ன செய்தார்? தம்பிக்குப் பிறகு அம்மாவுக்குக் குழந்தை பிறந்திருந்தால் அந்தப் பிள்ளை ஒருமுறை சோதனை செய்துகொள்வது நல்லது.

செலவு கையைக் கடிக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் குரலில் தெரிந்தது. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கியது. சோதனையும் மருந்தும் அதில் இலவசம். எந்த அரசு ஆஸ்பத்திரியில் அதற்கான சிகிச்சை மையம் இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்தக் கடைசி பாட்டிலுக்கு இல்லாவிட்டாலும் பின்னால் எடுக்க வேண்டிய சோதனைக்காவது உதவும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. காலையில் வெறும் வயிற்றில் அம்மா ஒரு ‘கேஸ் மாத்திரை’ போடுவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். எனக்கு மூன்று நாள் இடைவெளியைவிட அதுதான் உறுத்தியது. வெல்படாஸ்விர் உடம்பில் ஏற வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல், ஓமெப்ரசோல் வகையெல்லாம் அந்த அமிலத்தையே குறைத்துவிடும். ஜெலுசில் போன்ற பால்மருந்துக்கும் இதற்கும் நடுவில் நாலு மணி நேரம் இருக்க வேண்டும். டாக்டரிடம் அந்த மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள். இதய மருந்து, டிபி மருந்து சாப்பிடுகிறவர்களும் கட்டாயம் சொல்லணும். அமியோடரோன் என்ற இதய மருந்தோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

நீங்கள் மறுநாளே பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் வாங்கிவிட்டீர்கள், அன்று ராத்திரியே அம்மா போட்டுவிட்டார், டாக்டரும் மீதி 28-ஐயும் முடிக்கச் சொல்லிவிட்டார் என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். நல்லது. கடைசி மாத்திரை போடுகிற தேதியை காலண்டரில் குறித்துவையுங்கள். அதிலிருந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. சோதனை. அதில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். ஒழுங்காக முடிக்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் அப்படித்தான் வருகிறது. ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது) சோதனையை யாராவது எடுக்கச் சொன்னால் அது பாசிட்டிவ் என்றே வரும், குணமான பிறகும் வருடக்கணக்கில் வரும். அதைப் பார்த்துவிட்டு ராத்திரி எனக்குப் போன் போடாதீர்கள்.

கடைசியாக, கீழாநெல்லி. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்று என் ஆச்சியும் மோரில் கலக்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் இந்த வைரஸை அது விரட்டும் என்று நிரூபணமானதில்லை, மாத்திரை இல்லாத நாளுக்கு அது மாற்றும் இல்லை. இந்த 28 நாளும் எந்த மூலிகையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்க மாட்டார் என்றால், டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். அதற்கும் கேட்கவில்லையென்றால் போனை அம்மாவிடம் கொடுங்கள், நான் பேசுகிறேன்.