மாவுக்கட்டும் மாய உலகமும்

கேள்வி: கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டிலேயே இருக்கிறேன். பொழுதுக்கும் ஃபேன்டஸி நாவல்தான். “நிஜத்தை விட்டு ஓடுகிறாய்” என்று அண்ணன் கிண்டல் செய்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: மாவுக்கட்டுக் காலோடு எங்கே ஓடுவதாம்! அண்ணனுக்கு ஃபேன்டஸி நாவலாசிரியர் டோல்கீனே பதில் சொல்லியிருக்கிறார். 1939-ல் அவர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். 1947-ல் அது கட்டுரையாக வந்தது. சிறையில் இருப்பவன் வெளியே போக நினைத்தால் அதில் என்ன தப்பு என்று அதில் கேட்கிறார். அவனையும் போர்க்களத்திலிருந்து ஓடுகிற சிப்பாயையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் அவர் கட்சி. அண்ணன் மணிக்கணக்காகக் கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் அதற்கு என்ன பெயர் என்றும் கேட்டு வையுங்கள்.

டோல்கீனுடைய ‘தி ஹாபிட்’ (1937) படித்தீர்களா? அதன் நாயகன் பில்போவுக்கு வீட்டை விட்டுக் கிளம்பவே பிடிக்காது. பாதி வழியிலும் கெட்டில் கொதிக்கும் தன் வீட்டை நினைத்து ஏங்குவான். உங்களுக்கு நேர் எதிர், அதனாலேயே ரசிப்பீர்கள். உர்சுலா லெ குவின் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ (1968) ஒல்லியான புத்தகம், படுத்துக்கொண்டே படித்தாலும் கை வலிக்காது. அப்புறம் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. முன்னுரையில் புகையிலை வரலாறெல்லாம் வரும், தாராளமாகத் தாண்டிப் போங்கள்.