ஒரே வேலை, இரண்டு சம்பளம்: பெங்களூருக்குப் புதிதாக வந்த தங்கைக்கு

கோவையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, மூன்று மாதம் முன்பு எலக்ட்ரானிக் சிட்டியில் சேர்ந்திருக்கிறாய். உன்னோடு அதே நாளில், அதே வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு வருடத்துக்கு இரண்டு லட்சம் கூடுதல் என்று தெரிந்துவிட்டது. "பெண் என்பதாலா அக்கா? கேட்டால் சிக்கல் வருமா?" என்கிறாய்.

அந்தப் பையன் மேல் கோபப்படாதே. சம்பளத்தை மறைக்காமல் சொன்னானே, அது பெரிய உதவி. நான் 2007-ல் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று தெரியவே எனக்கு ஆறு வருடம் ஆனது.

உனக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். ஹெச்ஆர் "இப்போதைய சிடிசி, அதாவது வருடத்து மொத்தச் சம்பளம், என்ன?" என்று கேட்டிருப்பார்கள். நீ ஐந்து லட்சம் என்று உள்ளதைச் சொல்லியிருப்பாய். அதன்மேல் முப்பது சதவீதம் போட்டு ஆறரை. அவன் ஏற்கெனவே ஆறரை வாங்கியிருந்தால் அதே முப்பது சதவீதத்தில் எட்டரையைத் தொட்டிருப்பான். பெண் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து லட்சம் எப்படி வந்தது? வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை பார் என்றார்கள், கிடைத்த முதல் ஆஃபரில் கையெழுத்துப் போட்டோம். பையன்களோ நோட்டீஸ் பீரியடில் இன்னொரு ஆஃபரைக் காட்டிப் பேரம் பேசுகிறார்கள். அன்று குறைந்தது, கம்பெனி மாறினாலும் கூடவே வருகிறது.

என் கதையில் அது பிரசவத்தோடு வந்தது. 2013-ல் மூத்தவள் பிறந்தபோது சட்டப்படி 12 வாரம்தான் விடுப்பு. 26 வாரம் ஆனது 2017-ல். திரும்பி வந்தால், "நீதான் லீவில் இருந்தாயே" என்று ரேட்டிங்கைக் குறைத்தார்கள். அந்த வருட ஹைக் (சம்பள உயர்வு) போனதோடு முடியவில்லை, அடுத்து வந்த ஒவ்வொரு ஹைக்கும் அந்தக் குறைந்த தொகை மேல்தான் கணக்கானது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. 2023-ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் கண்டதும் இதுதான்: பணக்கார நாடுகளில் ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இன்றுள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி, முதல் குழந்தைக்குப் பிறகு வருவது.

சட்டம் நம் பக்கம்தான். ஒரே வேலைக்குப் பெண் என்பதால் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்தது. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே தடை இருக்கிறது. மும்பையில் ஆட்ரி டிகோஸ்டா என்ற ஸ்டெனோகிராஃபர் ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். வேலை அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டாம், ஒத்த தன்மை இருந்தால் போதும். கம்பெனியிடம் பணம் இல்லை என்பதும் சாக்கு ஆகாது என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கோர்ட் வழி நீளமானது. முதலில் கேட்டுப் பார்.

கேட்டதற்காக வேலை போனதை நான் பார்த்ததில்லை. முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். புரொபேஷனில் இருந்தால் கன்ஃபர்மேஷன் லெட்டர் வரட்டும். அப்புறம் மேனேஜரிடம் பேசு. அந்தப் பையன் பெயரை இழுக்காதே. "இந்த லெவலுக்குச் சம்பள பேண்ட் (எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை) என்ன, அதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று மட்டும் கேள். பேசியதை அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிடு. அடுத்த கம்பெனியில் பழைய சிடிசியைக் கேட்டால், நீ எதிர்பார்க்கும் தொகையை முதலில் சொல்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். எனக்கு முதல் தடவை குரலே எழவில்லை. நான் கே.ஆர்.புரத்தில்தான் இருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, நான் மேனேஜராக உட்கார்கிறேன், நீ கேட்டுப் பார்.